சொட்டும் அலையும்: ஒரு கலைச்சொல்லின் தகுதி

'குவாண்டம்' என்னும் சொல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒலிபெயர்ப்பாகவே கைக்கொண்டன. இலங்கையின் தமிழ்மூல அறிவியற் கல்வியோ 'சத்திச்சொட்டு' என்ற ஆக்கத்தைத் தேர்ந்தது. முன்னது தமிழ் மாணவனுக்குப் பொருள் எதனையும் உணர்த்தாதது. பின்னது ஒரு காட்சியைக் கண்முன் நிறுத்துவது. அக்காட்சி அவனை எங்குக் கொண்டு சேர்க்கின்றது என்பது ஆராயத்தக்கது.

சொல்லின் சிறப்பு முதற்கண் கூறப்படல் வேண்டும். ஒழுகும் நீர் தொடர்ச்சியுடையது. சொட்டும் நீர் தனித்தனி அலகுகளாய் விழுவது. சத்தி அலகலகாகவே பரிமாறப்படுகின்றது என 1900இல் பிளாங்க் கொண்ட கருதுகோளையும், ஒளிமின் விளைவுக்கு 1905இல் ஐன்ஸ்டைன் தந்த விளக்கத்தையும் இச்சொல் செவ்விதின் உணர்த்தும். 1928இல் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவிற் கண்ட ஒளிச்சிதறலும் இதனால் எளிதில் விளங்கும். ஒளிச்சொட்டின் சத்தியில் ஒரு பங்கை மூலக்கூறு கவர்கின்றது, அல்லது தன் சத்தியில் ஒரு பங்கை அதற்கு ஈகின்றது. சிதறிய ஒளியின் நிறம் அதற்கேற்ப மாறுகின்றது.

எனினும், சொல்லின் குறையும் இங்கேயே தொடங்குகின்றது. நிறம் மீடிறனைப் பொறுத்தது; மீடிறனோ அலைக்குரிய பண்பு. ஒரு சொட்டின் சத்தியை அறியப் பிளாங்கின் மாறிலியை மீடிறனாற் பெருக்க வேண்டும். எனவே சொட்டின் அளவை வகுப்பது அலையே. நீர்ச்சொட்டில் இதற்கு ஒப்புமை இல்லை.

இலத்திரன் பற்றிய பரிசோதனை இதனை மேலும் வலியுறுத்தும். 1989இல் ஜப்பானியரான அகிரா தொனோமுராவும் அவர்தம் குழுவினரும் இலத்திரன்களை ஒவ்வொன்றாகச் செலுத்தினர். ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகவே பதிந்தது. புள்ளிகள் பல்லாயிரமாகப் பெருகியபோது தலையீட்டுக் கோலம் தோன்றிற்று. அலகாக வந்து சேர்ந்தவை அலைக்குரிய ஒழுங்கில் அமைந்தன.

'அலை-துணிக்கை இருமை' என்ற தொடர் இச்சிக்கலைத் தீர்த்துவிட்டதாகக் கருதுவோர் உளர். அத்துவித உண்மையை அறிவியல் மெய்ப்பித்ததென மகிழ்வோரும் உளர். இருமை என்பது சிக்கலுக்கு இட்ட பெயரேயன்றி விடையன்று. 1927இல் போர் முன்வைத்த நிரப்புத்தன்மைக் கொள்கையும், இவ்விரு விவரணங்களைப் பரிசோதனை அமைப்பினின்று பிரிக்கலாகாது என்றே வற்புறுத்திற்று.

மன்னார் மாவட்டத்துப் பெரியமடு போன்ற ஊரிலிருந்து, தமிழிற் பௌதிகம் பயின்று பல்கலைக்கழகம் புகும் மாணவனுக்கு இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. நீரில் எறிந்த கல் எழுப்பும் அலை கரை முழுவதையும் தொடும் என்பதை அவன் அறிவான். சொட்டு ஓரிடத்திலேயே விழும் என்பதையும் அறிவான். கரையெங்கும் பரவவல்ல அலை ஒரே புள்ளியிற் பதிவுபெறுவது எங்ஙனம் என்பதே புதிர். அவ்வினாவைத் தாய்மொழியிலேயே எழுப்பப் பழகாதவனுக்கு, ஆங்கில விரிவுரை மண்டபத்தில் எஞ்சுவது சமன்பாட்டு மனனமே. 'சொட்டு' நீக்கப்படவேண்டிய சொல்லன்று. அது எவ்விடத்திற் பொருந்தாது போகின்றது என்பதும் உடன் கற்பிக்கப்படவேண்டிய சொல்லாகும்.