மெட்ராஸ் கட்டத்தை எப்படி ரசிப்பது?
பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கப் போகிறவர்கள், கட்டம் போட்ட ஒரு நல்ல பருத்திக் கைலியையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்காவிட்டால் கடைக்காரர் முறைப்பார், அவ்வளவுதான். இதே போன்ற கட்டத் துணியில் அமைந்த கரீபியத் தீவுப் பெண்களின் பாரம்பரிய உடையை ரசிக்க, பாடம் அங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் துணியைத் திருப்புங்கள். தறியில் பிறந்த கட்டத்துக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் கிடையாது. நெய்வதற்கு முன்பே நூலில் ஏறிய சாயம் அது. அடுத்து, சிவப்புப் பாவும் நீல ஊடையும் குறுக்கிடும் சதுரத்தைக் கண்ணருகே பிடியுங்கள். தள்ளிப் பார்த்தபோது கத்தரிப்பூ நிறமாக இருந்தது, இப்போது சிவப்பும் நீலமுமாகப் பொடிப்பொடியாகப் பிரியும். அந்த மூன்றாவது நிறத்துக்கு நெசவாளர் தனியாக நூலே வாங்கவில்லை!

1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட், திருவொற்றியூரில் நெசவாளர்களைக் குடியமர்த்தினார். அவர் பெயரில் எழுந்த பேட்டைதான் இன்று மெட்ரோ ரயில் நிற்கும் காலடிப்பேட்டை. இந்தக் கரையிலிருந்து கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் கப்பலேறியது. கரீபியத் தீவுகளில் அதன் பெயரே ‘மெட்ராஸ்’.

மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா பெண்கள் அதைத் தலையில் கட்டினார்கள். படத்தில் பார்த்தால் தூக்கி நிற்கும் முனைகளை எண்ணுங்கள். ஒன்று என்றால் மனசு காலி. இரண்டு, வாக்குக் கொடுத்தாயிற்று. மூன்று, கல்யாணமானவள். நான்கு, யாரும் முயன்று பார்க்கலாம்! ஊருக்கு ஊர் கணக்கு கொஞ்சம் மாறும். மஞ்சளையும் கவனியுங்கள்: மார்த்தினிக்கில் வெளிர்க் கோடுகளின் மேல் கையாலேயே மஞ்சள் தீட்டும் பெண்கள் இருந்தார்கள். நம் நெசவுக்கு அவர்கள் வைத்த மெருகு அது. செயின்ட் லூசியாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, கிரியோல் நாளன்று, ஊரே மெட்ராஸ் கட்டத்தில் நடமாடும்.

எனக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம் நைஜீரியாவின் கலாபரிப் பெண்கள். நம் கட்டத் துணியில் பிளேடு முனையால் சில இழைகளை அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது சல்லடை போன்ற, வேறொரு கோலம். அதைத்தான் இடுப்பில் சுற்றுகிறார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டிய துணி. அச்சடித்த கட்டத்தில் இந்த வேலை எடுபடாது. இழையை உருவினால் நிறக்கோடு கூடவே வராது.