வாஃபிள் அச்சும் ஓட்டக் காலணியும்

ஓட்டக் காலணியின் அடிப்பாகத்தில் கட்டம் கட்டமாகத் துருத்தி நிற்கும் ரப்பர் முளைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். எடை குறைவு, பிடிப்பு உறுதி. அமெரிக்காவின் ஓரிகனில் ஒரு வீட்டு அடுக்களையில் அந்த யோசனை பிறந்தது.

வீட்டுக்காரர் பில் பவர்மன். இரண்டாம் உலகப் போரில் 10ஆவது மலைப்படைப் பிரிவோடு இத்தாலியில் போரிட்டுத் திரும்பியவர். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் தடகளப் பயிற்சியாளர். தம் மாணவர்களின் காலணிகளைத் தாமே தைத்துப் பார்ப்பார். 1964இல், பழைய மாணவர் ஃபில் நைட்டுடன் ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொடங்கிய வியாபாரம்தான் பின்னாளில் நைக்கி ஆனது.

யூரித்தேன் என்ற செயற்கைப் பொருளாலான புதிய ஓடுதளத்துக்கு ஆணியில்லாத காலணி தேவைப்பட்டது. மனைவி பார்பரா காலைச் சிற்றுண்டிக்குச் சுட்ட வாஃபிள் என்ற கட்டம் போட்ட அப்பத்தின் மேடுபள்ளத்தில் பவர்மனுக்கு வழி தெரிந்தது. அதைச் சுடும் அச்சிலேயே யூரித்தேனை ஊற்றினார். ஒட்டாமலிருக்க எதுவும் தடவவில்லை. அச்சு திறக்கவே இல்லை! 1936இல் நடந்த திருமணத்துக்கு வந்த பரிசு அது. பின்னர் தோட்டத்துக் குப்பைக்குழியில் புதைந்து, 2010இல்தான் மீண்டும் கிடைத்தது.

முதல் அச்சு பாழான பிறகும் பவர்மன் வேறு அச்சுகள் வாங்கித் தொடர்ந்தார். அந்தப் பிடிவாதத்தை நான் மனமார மதிக்கிறேன். 1974இல் ‘வாஃபிள் டிரெய்னர்’ கடைக்கு வந்தது. போட்டி வீரர்களோடு, உடல்நலத்துக்காக மெல்லோட்டம் ஓடிய சாதாரண மக்களும் அதை வாங்கி அணிந்தார்கள்.