ஒரு சைக்கிளுக்கு எதற்கு இரண்டு ஜோடிச் சக்கரம்?

கிரேவல் சைக்கிள் வாங்கியவர் காதில் முதல் மாதத்திலேயே ஒரு யோசனை விழுந்துவிடும்: "இன்னொரு ஜோடி வீல் வாங்கி வைங்க. தார் ரோட்டுக்கு ஒன்று, தோட்டத்துச் செம்மண்ணுக்கு ஒன்று. ஒரு வண்டி இரண்டு வண்டி ஆகிவிடும்." ஜொகூர் பாரு, கூலாய், குளுவாங் என்று எந்த ஊர்க் கூட்டத்தோடு ஓட்டினாலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். சொல்கிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தாம். யோசனையில் கணக்கும் இருக்கிறது. இருந்தும், ஜொகூரில் ஓட்டுகிற பெரும்பாலோருக்கு அந்த இரண்டாவது ஜோடி தேவையில்லை என்பதே என் முடிவு.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடலாம். 700சி என்று விற்கும் சக்கரத்தில் டயர் வந்து உட்காரும் இடத்தின் குறுக்களவு 622 மி.மீ. 650பி என்று விற்கும் சிறிய சக்கரத்தில் அது 584. பெரிய சக்கரத்தில் 28 மி.மீ. டயர் போட்டால் மொத்த உயரம் 678 மி.மீ. சிறியதில் 47 மி.மீ. டயர் போட்டாலும் அதே 678. ஆகவே பெடல் தரையிலிருந்து இருக்கும் உயரம் மாறாது, கியரின் கனமும் மாறாது. டயர் மட்டும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு அகலமாகிவிடும். அமெரிக்காவின் டபிள்யூ.டி.பி. நிறுவனம் 2016 வாக்கில் 47 மி.மீ. ஹொரைசன் டயரை இந்தக் கணக்கை வைத்துத்தான் கொண்டுவந்தது. சக்கரம் மாற்றுவதும் எளிது. குறுக்கே செருகியிருக்கும் 12 மி.மீ. அச்சை உருவி, ஒன்றைக் கழற்றி மற்றதைப் போடப் பத்து நிமிடம் போதும். டியூப் இல்லாத டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே இருக்கும் ஓட்டை அடைக்கும் பாலைத் துடைத்து, மறுபடி காற்றடித்து உட்கார வைப்பது எவ்வளவு அழுக்கு வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். அந்த வேலை மிச்சமாவது சிறிய லாபம் இல்லை.

ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: வீட்டிலிருந்து கிளம்பும்போதே இன்று தாரா மண்ணா என்று தெரிந்திருக்க வேண்டும். ஜொகூரின் சாலைகள் அப்படி அமைந்தவை அல்ல. குளுவாங்கிலிருந்து ரெங்கம், லாயாங் லாயாங் பக்கம் கிளம்புகிறவர் முதலில் தாரில் போவார். செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பியதும் செம்மண்ணும் சரளையும் தொடங்கும். அப்புறம் ஒரு கம்பத்துத் தார், மறுபடி மண். மெர்சிங் நோக்கிப் போகும் 50ஆம் எண் சாலையிலும், கோத்தா திங்கி வழியாகப் போகும் 3ஆம் எண் சாலையிலும் பழக்குலை லாரியும் மர லாரியும் தோளை உரசிக்கொண்டு போகும். அந்தப் பயத்தில்தான் நம்மில் பலர் தோட்டப் பாதைக்கே இறங்குகிறோம். தோட்டம் முடிந்ததும் வேறு வழியின்றி மறுபடி தாருக்கு ஏறுகிறோம். ஒரே காலையில் நான்கைந்து முறை தரை மாறும்போது, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சக்கரம் எந்த உதவிக்கும் வராது. இந்த ஒரு காரணத்துக்கு முன்னால் மற்றவை எல்லாம் சிறியவை என்பேன்.

மழைக்காலத்துக்காவது வேண்டாமா என்று கேட்பார்கள். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கிழக்கு ஜொகூரின் தோட்டப் பாதைகள் மாதக்கணக்கில் ஊறிக் கிடக்கும். அப்போது பல் வைத்த டயர் வேண்டும் என்பது சரி. ஆனால் அது ஆண்டுக்கு இரண்டு முறை வரும் மாற்றம். அதற்கு டயரை மாற்றினால் போதும். அந்த அழுக்கு வேலையை ஆண்டுக்கு இரண்டு மாலைகள் செய்யச் சலித்துக்கொண்டு இரண்டு முழுச் சக்கரங்களை வாங்குவது பொருந்தாத செலவு. மேற்குக் கரைக்குப் போனால் அகல டயரே பாதகம். பொந்தியான், பத்து பகாட் பக்கத்துப் பாரிட் ஓரப் பாதைகளில் களிமண் டயரோடு ஒட்டிக்கொண்டே மேலேறி வரும். பிரேமின் இடைவெளியை 47 மி.மீ. டயர் ஏற்கெனவே நிறைத்திருந்தால், அந்த மண் வெளியேற இடமில்லாமல் சக்கரமே நின்றுவிடும். அங்கே டயருக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் ஐந்தாறு மில்லிமீட்டருக்குத்தான் மதிப்பு.

பத்து நிமிட வேலை என்றேன். அது எப்போது பத்து நிமிடம் என்பதையும் சொல்ல வேண்டும். டிஸ்க் பிரேக்கில் தகட்டுக்கும் பக்கத்துக் கட்டைக்கும் நடுவே இருப்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சந்து. இரண்டு சக்கரங்களின் ஹப்பும் வேறு வேறு தயாரிப்பு என்றால், தகடு உட்காரும் இடம் ஒரு மயிரிழை தள்ளியிருக்கும். சக்கரத்தைப் போட்டுச் சுற்றிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் சிர், சிர் என்று உரசும். உடனே பிரேக்கின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, லீவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி முறுக்க வேண்டும். அப்படியும் போகாவிட்டால் தகட்டுக்குப் பின்னால் 0.2 மி.மீ. வளையம் கொடுக்க வேண்டும். பின்னால் பற்சக்கர அடுக்கும், அதாவது காசெட்டும், அதே கதிதான். அது சற்றே உள்ளேயோ வெளியேயோ இருந்தால் கியர் தடுமாறும், கேபிள் இழுவையைத் திருத்த வேண்டும். சனிக்கிழமை இரவு இதைச் செய்து, ஞாயிறு மாலை திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவர எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

செயினின் கணக்கு இன்னும் மெதுவாகக் கடிக்கும். இரண்டு ஜோடி என்றால் இரண்டு காசெட், ஆனால் செயின் ஒன்றுதான். 12 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டாலே செயினை மாற்று என்பார்கள். அதிகம் ஓடும் காசெட் அந்தச் செயினோடு சேர்ந்தே தேய்ந்து பழகிவிடும். அதிகம் ஓடாத காசெட் புதிதாகவே இருக்கும். தேய்ந்த செயின் அந்தப் புதுப் பல்லையும் தின்னும்; புதுச் செயினைத் தேய்ந்த பல்லில் போட்டு, ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் செயின் பல்லைத் தாவும்; காலில் இருக்கும் முழு எடையும் சட்டென்று கீழே இறங்கும். அப்படி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் தொங்கும் டியூப் இல்லாத டயருக்கும் தனிக் கவனிப்பு வேண்டும். உள்ளே ஊற்றிய பால் நம் வெயிலில் சில மாதத்தில் காய்ந்து ஒரு பக்கமாகக் கட்டிப்படும். செம்பனை மட்டையின் அடியில் இருக்கும் முள் குத்தும் நாளில் அது அடைக்காது. வெட்டிய மட்டையை வரிசைக்கு நடுவே அடுக்கி வைக்கும் தோட்டங்களில் அந்த முள்ளுக்குப் பஞ்சமே இல்லை.

இனி 650பி. இதை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் வேண்டாம் என்பேன். இந்த அளவில் 47 மி.மீ. டயர் சிற்றூர்ச் சைக்கிள் கடையில் கிடைப்பது அரிது. 27.5 அங்குல மலைச் சைக்கிள் டயரும் அதே ரிம்மில்தான் உட்காரும்; ஆனால் கடையில் தொங்குவது பெரும்பாலும் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமானது, அது பல கிரேவல் பிரேம்களில் நுழையாது. உதிரி கிடைக்காத சக்கரம் நடுக்காட்டில் என்ன மதிப்பு பெறும் என்பதற்கு ஜொகூர் மண்ணிலேயே சாட்சி உண்டு. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 31-க்குள் ஜொகூர் பாரு வரை வந்து சேர்ந்ததில் சைக்கிளுக்குப் பெரிய பங்கு. வெயிலில் டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டியதை அந்தப் படையின் திட்ட அதிகாரி மசானோபு சுஜி எழுதியிருக்கிறார். போருக்கு முன்பே ஜப்பானியச் சைக்கிள்கள் இந்தப் பகுதியில் ஏராளமாக விற்கப்பட்டதால் வழியெங்கும் உதிரி கிடைத்தது என்பதும் அவர் சொல்வதே. அதே படைதான் நம் தோட்டத்து மக்களைச் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போய்ச் சாகடித்தது. அந்தக் கொடுமையை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. ஊர்க் கடையில் கிடைக்கும் அளவே ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

தோட்டத்துச் சைக்கிளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பால்மரக் காலத்தில் விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போகவும், பால் வாளியைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வரவும், சம்பள நாளில் பட்டணத்துக்குப் போகவும் ஒரே வண்டிதான். அந்த 28 அங்குலச் சைக்கிளின் டயர் அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. லயத்திலிருந்து நிரை வரைக்கும், நிரையிலிருந்து தார் வரைக்கும் அந்த அகலம் தாக்குப்பிடித்தது. இன்று கடையில் கிரேவல் சைக்கிளோடு வரும் டயரும் ஏறக்குறைய அதே அகலம். நடுவில் மெல்லிய வரியும் ஓரத்தில் சிறு பல்லும் உள்ள 38 அல்லது 40 மி.மீ. டயர் ஒரு ஜோடி, ஜொகூரின் தாருக்கும் காய்ந்த செம்மண்ணுக்கும் போதும். தாரில் 28 மி.மீ. டயரைவிடக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும், உண்மை. ஆனால் சமதளத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நம் பலத்தின் பெரும்பகுதியைத் தின்பது காற்று, டயர் அல்ல.

இரண்டாவது ஜோடி ஒரு வகை ஆளுக்குப் பொருந்தும். வார நாளில் வேகக் கூட்டத்தோடு தாரில் மட்டும், வார இறுதியில் தோட்டத்தில் மட்டும் என்று இரண்டையும் கலக்காமல் ஓட்டுகிறவர். இன்னொரு சைக்கிள் வைக்க வீட்டில் இடமில்லாதவர். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர். இந்த மூன்றும் சேர்ந்தவர்தான் அதிலிருந்து பயன் எடுப்பார். அவரும் 700சி-யிலேயே வாங்க வேண்டும்; நல்ல ஜோடியைத் தோட்டத்துக்கு வைத்துக்கொண்டு, மலிவான ஜோடியைத் தாருக்கு விட வேண்டும். கார்பன் ரிம்மின் பளபளப்பைப் பார்த்துக் காசைத் தாருக்குக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். அடி வாங்குவது மண்ணில் என்பதால் உறுதி அங்கேதான் தேவை.

மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயர் ஒரு ஜோடியும், மழைக்காலத்துக்குப் பல் வைத்த ஜோடி ஒன்றும், செயின் இரண்டும் வாங்கலாம். வாங்கியே தீர்வேன் என்பவர் கடையில் கேட்க வேண்டியவை மூன்று: அதே ஹப் இருக்கிறதா, அதே டிஸ்க் இருக்கிறதா, அதே காசெட் இருக்கிறதா. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் வாங்காமல் திரும்புங்கள்.