கொழுப்பும் குடற்புற்றும்

புற்றுநோயைப் பற்றித் தமிழில் எழுதப்படும் உடல்நலக் கட்டுரைகளில் கொழுப்பு என்னும் சொல் படும் பாடு பெரிது. சட்டியில் கொதிக்கும் எண்ணெயும் கொழுப்பு. இரத்தச் சோதனையில் காணும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு. வயிற்றில் திரண்டு நிற்பதும் கொழுப்பு. எதிர்த்துப் பேசும் பையனுக்கும் கொழுப்பு என்றே பெயர். இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் கட்டுரையாளர், பெருங்குடல், மலக்குடல் புற்றுக்கு வந்ததும், எண்ணெய்ப் பண்டத்தைக் குறையுங்கள் என்ற அறிவுரையோடு பேனாவை மூடிவிடுகின்றனர். அறிவுரை தவறன்று. ஆனால் கட்டியைச் சூழ்ந்திருக்கும் கொழுப்புத் திசு என்ற ஒன்று அங்கே பேசப்படாமலே போகிறது.

குடலின் உட்சவ்வில் தோன்றும் புற்று, தசைச் சுவரைத் துளைத்து வெளியே வருங்கால் பெரும்பாலும் முதலில் சந்திப்பது இத்திசுவையே. கட்டி சென்ற ஆழத்தை நான்கு படிகளாக அளக்கும் மருத்துவர் இதனை மூன்றாம் படி என்பர். அங்கு நடப்பது வியப்பானது. கட்டியை அடுத்த கொழுப்பணுக்கள் தம்முள் இருந்ததை இழந்து சுருங்குகின்றன. அவை விடுவிக்கும் கொழுப்பமிலங்களைப் புற்றணுக்கள் ஏற்று எரிபொருளாக்கிக் கொள்கின்றன. சர்க்கரைச் சத்துக் கிடைக்காதபோதும் பெருங்குடற் புற்றணுக்கள் இவ்வாறு பிழைத்திருக்கக் கூடும் என்பதை அமெரிக்காவின் கெண்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017இல் வெளியிட்டனர். எரிபொருள் மட்டுமன்று. கொழுப்புத் திசு ஹார்மோன் சுரக்கும் உறுப்புமாம். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டின் அதற்குச் சான்று. லெப்டினும் அழற்சியைத் தூண்டும் வேறு பொருள்களும் புற்றின் வளர்ச்சிக்குத் துணைபோகின்றன. உடல் பருத்தோரிடம் இவை மிகுதி.

வித்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது, நிலத்தையும் ஆராய்க என்று ஸ்டீஃபன் பேஜெட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1889இலேயே கருத்துரைத்தார். அவர் பேசியது மார்பகப் புற்றின் பரவலைப் பற்றி. மலக்குடற் புற்றில் அந்நிலத்தைக் கத்தியால் காட்டியவர் பில் ஹீல்ட். மலக்குடலை மட்டும் வெட்டாது, அதைச் சூழ்ந்த கொழுப்புறையைச் சிதையாமல் முழுமையாக அகற்றவேண்டும் என்று 1982இல் அவர் எழுதினார். அம்முறை பரவிய நாடுகளில் அதே இடத்தில் நோய் திரும்புவது பெரிதும் குறைந்தது. வெள்ளை வேர் நோய் கண்ட பால்மரத்தைச் சாய்த்தால் போதாது, மண்ணுக்குள் கிடக்கும் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டவேண்டும் என்பதை ஜொகூர்த் தோட்டக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. எனினும் ஹீல்ட் கருதியது அவ்வுறையில் மறைந்திருக்கும் நிணநீர்க் கணுக்களையும் புற்றுத் துகள்களையுமே; கொழுப்பு தீனியிடுவதை அன்று.

சொல்லின் குறையைத் தீர்க்க நிணம் என்னும் பழஞ்சொல்லை எடுக்கலாமே எனலாம். அழகிய சொல்தான். ஆனால் நிணநீர் என்பது வேறொரு பொருளுக்கு நிலைத்துவிட்டது. நிணத்தில் நிணநீர்க் கணு என்று எழுதினால் மாணவன் திகைப்பான். கொழுப்புத் திசு என்பதே போதும். உடற்கட்டுகள் ஏழனுள் கொழுப்பையும் ஒன்றாக எண்ணிய சித்த மருத்துவம், அதைக் கழிவெனத் தள்ளவில்லை என்பதும் நினைக்கத்தக்கது.

மறுபுறத்துப் பிழையும் உண்டு. புதிய செய்தியைக் கேட்டவுடன் கொழுப்பே புற்றைத் தோற்றுவிக்கிறது என்று தலைப்பிடுவோர் இருக்கின்றனர். மேற்கண்ட விளக்கங்களிற் பெரும்பகுதி ஆய்வுக்கூட அணுக்களிலும் எலிகளிலும் கண்டவை. மனித உடலில் இவற்றைத் தடுத்து நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் வழக்குக்கு வரவில்லை. மிகை உடற்கொழுப்பைத் தவிர்த்தால் பெருங்குடற் புற்று உள்ளிட்ட பதின்மூன்று வகைப் புற்றுகளின் இடர் குறையும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இல் கூறியது உண்மை. மலேசியாவில் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் நூற்றுக்கு 54 பேர் மிகையான எடை உடையோர் என்பதும் உண்மை. ஆனால் இடர் வேறு, காரணம் வேறு. மெலிந்தவர் குடலையும் கொழுப்புத் திசு சூழ்ந்தே இருக்கிறது.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறுவது இதனையே. மலேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 கணக்கில் இந்நோய் ஆண்களிடம் முதலிடம் பெற்றது; கண்டறியப்பட்டோரில் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேல் முற்றிய கட்டங்களில் இருந்தவர். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் ஐம்பது வயது கடந்தோர்க்கு மலத்தில் மறைந்த இரத்தத்தைக் காணும் எளிய சோதனை உண்டு. வற்றிய உடம்பினராகிய ஒரு மரம் வெட்டுபவர், லாபிசிலோ ரெங்கத்திலோ, மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்றே எண்ணுகிறார். கொழுப்பினால் வரும் நோய் என்று படித்தது அவர் நினைவில் இருக்கிறது. தம் உடம்பிலோ கொழுப்பே இல்லை என்று அவர் நம்புகிறார்.