எட்டு விநாடிக் குரல்

ஐஎஸ்டி 1820 என்ற ஐசிக்குப் பதினான்கு கால்கள். கூடவே ஒரு கண்டன்சர் மைக், ஒரு சின்ன ஸ்பீக்கர், சில ரெசிஸ்டர்கள், சில கெப்பாசிட்டர்கள், இரண்டு பட்டன்கள், 3 வோல்ட் பேட்டரி. பிரெட்போர்டில் பாதிகூட நிறையாது. குரலைப் பதிந்து திருப்பிச் சொல்லும் சர்க்யூட்டுகளில் இதைவிட அழகானதை நான் கட்டியதில்லை.

அழகு அது குரலை வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. செல்போன் குரலை எண்ணாக்கி, அந்த எண்ணையும் பூஜ்யம், ஒன்று என உடைத்துத்தான் சேமிக்கும். இந்தச் சிப்பு அந்த வேலைக்கே போவதில்லை. மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தை விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, அந்தந்தக் கணத்தின் அளவை ஒரு நினைவகச் செல்லில் மின்னூட்டமாக ஏற்றிவிடுகிறது. ஒரே செல் 256 வெவ்வேறு அளவுகளைத் தாங்கும். டிஜிட்டல் நினைவகத்தில் இதே வேலைக்கு எட்டு செல்கள் தேவை. 1877இல் எடிசன் தகரத்தாளில் ஊசியால் அழுத்திய பள்ளமும் இப்படித்தான், ஒலியின் ஏற்ற இறக்கத்தையே தாங்கி நின்றது. அமெரிக்காவின் இன்ஃபர்மேஷன் ஸ்டோரேஜ் டிவைசஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் இந்த முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு அதைத் தைவானின் வின்பாண்ட் வாங்கியது. பேட்டரியைக் கழற்றினாலும் பதிவு அழியாது.

இந்தச் சர்க்யூட்டில் ரசிகனின் காதுக்கு வேலை வைப்பது ஒரே ஒரு ரெசிஸ்டர். சிப்பின் கடிகார வேகத்தை அதுதான் முடிவு செய்கிறது. 80 கிலோ ஓம் போட்டால் விநாடிக்கு 8,000 மாதிரிகள், 8 விநாடிப் பதிவு. 100 கிலோ ஓமுக்கு 6,400 மாதிரிகள், 10 விநாடி. 200 கிலோ ஓமுக்கு 3,200 மாதிரிகள், 20 விநாடி. எதைப் பெருக்கினாலும் 64,000 வரும். இருக்கும் செல்கள் அவ்வளவுதான். நேரத்தைக் கூட்டினால் தெளிவு குறைந்தே தீரும்.

எவ்வளவு குறையும் என்பதைக் காதால் கேட்க வேண்டும். 8 விநாடியில் 3,400 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கிறது, பழைய தொலைபேசிக் குரலின் தரம். 20 விநாடியில் சுமார் 1,300 ஹெர்ட்ஸோடு மேல்பகுதி போய்விடுகிறது. ‘இ’ என்ற உயிரை ‘உ’விலிருந்து பிரித்துக் காட்டும் அதிர்வு 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் இருப்பதால், ‘கிளி’ என்று பதிந்தால் ‘குளி’ போலத் திரும்பி வரும். ‘ஸ’வின் சீற்றம் சுத்தமாக மறையும். பேசுபவர் ஆணா பெண்ணா, கோபமா கொஞ்சலா என்பதெல்லாம் தெரியும். சொல் மட்டும் மங்கிவிடும். கடைகளில் விற்கும் தயார் போர்டுகளில் பெரும்பாலும் 100 கிலோ ஓம் இருக்கும். எனக்கு 80தான் பிடிக்கும். எட்டு விநாடியில் ஒரு முழு வாக்கியத்தை நிதானமாகச் சொல்லிவிடலாம்.

மைக் பக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. மைக்கின் இரு முனைகளும் தனித்தனி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாகச் சிப்புக்குள் போகின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே சிப்பு பெருக்குவதால், இரண்டு ஒயரிலும் ஒன்றாக ஏறும் ஹம் தானாகக் கழிந்துவிடும். 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு இயங்கும் ஏஜிசி என்ற தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு, உரத்த குரலை அடக்கி மெல்லிய குரலைத் தூக்கிவிடும். பேச்சு நின்றதும் அது மெல்ல மெல்லப் பெருக்கத்தை ஏற்றிக்கொண்டே போவதால், இரண்டு சொற்களுக்கு நடுவே மின்விசிறியின் சத்தம் எழும்பி வரும். அடுத்த சொல் விழுந்ததும் பின்வாங்கும். சிலர் இதைக் குறை என்பார்கள். எந்த அறையில் பேசப்பட்டது என்பதும் பதிவில் சேர்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

முதல்முறை கட்டுபவர்கள் ஸ்பீக்கரின் ஒரு ஒயரைப் பழக்கத்தில் கிரவுண்டில் கொடுத்துவிடுவார்கள். இங்கே அது கூடாது. சிப்பின் இரண்டு கால்களும் எதிரெதிராக ஸ்பீக்கரைத் தள்ளி இழுக்கின்றன. அதனால்தான் தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே 8 ஓம் ஸ்பீக்கர் பேசுகிறது. அந்த ஸ்பீக்கரை மேசையில் வெறுமனே கிடத்தாதீர்கள். முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு சின்ன டப்பாவின் மூடியில் துளை போட்டுப் பொருத்தினால் அதே சிப்பு, அதே பேட்டரி, குரலில் மட்டும் கனம் கூடியிருக்கும்.