உழைப்பும் அதன் உருவங்களும்: ஒஸ்லோவில் ஒரு சனிக்கிழமை

நண்பர் ஒருவரின் மகளுடைய சாமத்திய வீட்டுக்காக வடக்கிலிருந்து ஒஸ்லோ வந்திருந்தேன். விழா ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை முழுவதும் கையில் இருந்தது. 2008இல் நோர்வேக்கு வந்த நான் இந்நாட்டின் தலைநகரத்துக் கலைக்கூடங்களை ஒருநாளும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. வந்தபோதெல்லாம் ஒரு பத்திரம், ஒரு நேர்முகம், அல்லது ஒரு செத்தவீடு. ஊரிலோ ஐரோப்பிய ஓவியம் பற்றி விரிவுரை செய்தவன் நான். எட்வார்ட் மூங்கின் 'அலறல்' ஓவியத்தை நிழற்பிரதியின் நிழற்பிரதியில் வைத்து, அந்தச் சிவந்த வானத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டி, முதலாளித்துவ சமூகத்தில் மனிதன் அந்நியமாதல் என்று ஒரு மணித்தியாலம் விளக்கியிருக்கிறேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். பரீட்சையில் அதையே திருப்பி எழுதினார்கள். நானும் புள்ளி போட்டேன்.

என்னுடன் வந்தவர், முன்பு எங்கள் மீன் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் நின்ற ஒரு தம்பி. இப்போது ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். இன்றும் என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். கத்தியோடு அருகருகே நின்ற காலத்திலும் அப்படித்தான். எங்களுக்கு எதிரே நின்ற லித்துவேனியப் பெண் நெடுநாளாக அதுதான் என் பெயர் என்று நம்பியிருந்தாள்.

முதலில் புரொக்னர் பூங்காவுக்குப் போனோம். ஒஸ்லோவுக்கு வரும் எம்மவர் அனைவரும் படம் பிடித்துக்கொள்ளும் இடம் அது. கால் உதைத்து அழும் அந்தச் சின்னப் பையனின் வெண்கலக் கையைத் தொட்டுத் தொட்டுப் பொன்னாக்கி வைத்திருக்கிறார்கள். குஸ்தாவ் விகெலான்டின் சிற்பங்கள் இருநூற்றுக்கு மேல் அங்கே நிற்கின்றன. 1921இல் நகரசபையுடன் அவர் ஓர் ஒப்பந்தம் செய்தார். தன் படைப்புகள் எல்லாவற்றையும் அவர் நகரத்துக்குக் கொடுத்துவிடுவது, நகரம் அவருக்குப் பட்டறையும் வீடும் கட்டிக் கொடுப்பது. ஒரு கலைஞனுக்கு இதைவிட நல்ல ஒப்பந்தம் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நடுவே 14 மீற்றருக்கு மேல் உயர்ந்த ஒற்றைக்கல் தூண். அதில் 121 மனித உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியும் தாங்கியும் ஏறுகின்றன. விகெலான்ட் அதைக் களிமண்ணில்தான் செய்தார். கல்லில் கொத்தியவர்கள் மூன்று கற்சிற்பிகள்: நில்ஸ் யோன்சன், கார்ல் ஷார், ஈவார் புரோ. 1929 முதல் 1943 வரை, பதினான்கு வருடங்கள் அவர்கள் அந்த ஒரே கல்லோடு நின்றார்கள். பூங்கா உலகம் முழுவதும் விகெலான்டின் பெயராலேயே அறியப்படுகிறது. நான் ஊரில் இந்தத் தூண் பற்றிப் பாடம் எடுத்தபோது அந்த மூவர் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது என்பதல்ல விடயம். 'கொத்தியது யார்?' என்ற கேள்வியே எனக்குள் எழவில்லை. எங்களது கோயில் சிற்பங்களுக்கு முன் நின்றும் அரசனின் பெயரை மட்டும் சொல்லிப் பழகிய வாய் இது.

விகெலான்டின் உருவங்கள் நிர்வாணமானவை. உடுப்பு இல்லாதபடியால் காலமும் இல்லை, வர்க்கமும் இல்லை, மனிதன் மட்டுமே எஞ்சுகிறான் என்பது வழமையான விளக்கம். அந்த விளக்கத்தில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. உடுப்பைக் கழற்றினால் வர்க்கம் போய்விடுமா? தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் உடன்படவில்லை.

"சேர், எங்கட பக்டரியில உடுப்பு மாத்திற அறையை நினைச்சுப் பாருங்கோ. அங்க மட்டும்தானே நாங்கள் எல்லாரும் ஒண்டு? வெளியில வந்து வெள்ளைத் தொப்பி, நீலத் தொப்பி எண்டு போட்டாப் பிறகுதானே ஆர் மேலாள், ஆர் மேசை எண்டு தெரியும்."

நல்ல வாதம். உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தூணடியில் நின்று அந்த உருவங்களின் கைகளைப் பார்த்தபோதுதான் எனது மறுப்புத் தெளிவானது. அந்த அறையிலும் மேசைக்காரரைக் கண்டுபிடிக்கலாம், அவர்களுடைய மணிக்கட்டுகளைப் பார்த்தால் போதும். விகெலான்டின் மனிதர்கள் பிறக்கிறார்கள், காதலிக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்குகிறார்கள், மூப்படைகிறார்கள், சாகிறார்கள். அவர் பெரிய சிற்பி என்பதில் ஐயமில்லை. வயோதிபத்தின் தசையை அவ்வளவு நேர்மையாகச் செய்தவர்கள் குறைவு. ஆனால் வேலை செய்ததால் தேய்ந்த ஒரு உடம்பை அந்தப் பூங்காவில் நான் காணவில்லை.

நகரமண்டபம் வேறு வகை. 1931இல் தொடங்கி, போரால் தடைப்பட்டு, 1950இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடத்துக்காகப் பிப்பர்விக்கா என்ற ஏழைக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. கடலைப் பார்த்த பக்கத்தில் பேர் பாலெ ஸ்தொர்ம் செய்த ஆறு தொழிலாளர் சிலைகள் உண்டு. அந்தக் கட்டடத்தைக் கட்டிய தொழில்களின் உருவங்கள் அவை. கட்டியவனுக்குக் கட்டடத்தின் முகப்பிலேயே இடம் கொடுத்ததை நான் மதிக்கிறேன். உலகத்தில் எத்தனை நகரசபைகள் அப்படிச் செய்திருக்கின்றன?

உள்ளே பெருமண்டபம். 1990 முதல் நொபெல் சமாதானப் பரிசு கொடுக்கப்படுவது இங்கேதான். (சமாதானம், நோர்வே என்ற இரு சொற்களையும் சேர்த்துக் கேட்டால் எம்மவர் மனதில் 2002 பெப்ரவரியின் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து நிற்கும். அதை இங்கே கிளற விரும்பவில்லை.) ஒரு முனைச் சுவரில் ஹென்றிக் சோரன்சனின் பிரமாண்டமான எண்ணெய் ஓவியம். தலைப்பு: 'உழைப்பு, நிர்வாகம், கொண்டாட்டம்'. மற்றொரு சுவரில் அல்ஃப் ரொல்ஃப்சனின் சுவரோவியம். 'கடலில் மிதக்கும் வலைகளிலிருந்து கிழக்கின் காடுகள்வரை உழைக்கும் நோர்வே' என்பது அதன் பொருள்.

இந்தத் தலைப்பில்தான் நான் சிக்கிக்கொண்டேன். வலையிலிருந்து காட்டுக்கு ஒரே தாவல். வலையில் பட்ட மீன் பிறகு எங்கே போனது? தலை வெட்டி, துண்டுபோட்டு, முள் இழுத்து, பெட்டியில் அடுக்கியது யார்? நான் அந்தச் சுவரைப் பத்து நிமிடத்துக்கு மேல் தேடினேன். முள் எடுக்கும் மேசை என் கண்ணில் படவில்லை. கடலோடு போராடுகிறவன் அழகு, மரம் தறிக்கிறவனும் அழகு. அவர்களுக்குப் பின்னால் வானம் இருக்கிறது, உடம்பு அசைகிறது, அதைக் காவியமாக்கலாம். மேசைக்கோ பின்புலம் இல்லை. குழல்விளக்கு, ஈரத் தரை, ஓடிக்கொண்டிருக்கும் பட்டி, ஒரு கொட் மீன், அடுத்த கொட் மீன். எண்பதுகளிலிருந்து பின்மார்க் கரையோரத்தில் எங்கள் பெடியள் வந்து நின்றது அந்த மேசைகளில்தான். அதற்கு முன் நின்றவர்கள் பெரும்பாலும் அவ்வூர்களின் பெண்கள். ஆகவே இது அகதியைத் தவிர்த்த சுவர் என்று சொல்லமாட்டேன், ஓவியம் எங்களிலும் மூத்தது. தேசம் தனது உழைப்பைக் கொண்டாடும்போது எந்த உழைப்பைத் தெரிவு செய்கிறது என்பதுதான் கேள்வி.

அருகில் 2022இல் திறந்த தேசிய அருங்காட்சியகம். 1893இன் 'அலறல்' இங்கே இருக்கிறது. கூட்டம் அதன் முன்னால். நான் நிழற்பிரதியில் காட்டிய வானத்தின் நிறத்தை ஒருவாறு தலைகளுக்கு மேலால் பார்த்தேன். கிறிஸ்தியான் குரோக்கின் இரண்டு படங்களுக்கு முன்னால் அந்த நெருக்கடி இல்லை. பொலிஸ் வைத்தியரின் காத்திருப்பு அறையில் நிற்கும் 'அல்பெர்தினா' ஒன்று. பகட்டான உடுப்புப் பெண்கள் முன்னால் நிறைந்திருக்க, கதையின் நாயகி பின்னால் கதவருகே எளிய உடையில் நிற்கிறாள். இதே கதையை அவர் நாவலாகவும் எழுதினார், 1886இல் பொலிஸ் அதைப் பறிமுதல் செய்தது. மற்றையது 1889இன் 'வாழ்வுக்கான போராட்டம்'. பனிக்கால கார்ல் யோகன் தெரு. ஒரு வாசலிலிருந்து நீளும் கை பாண் கொடுக்கிறது. கந்தல் உடுத்த பெண்களும் பிள்ளைகளும் முண்டியடிக்கிறார்கள். தெருவின் மிச்சம் வெறிச்சோடிக் கிடக்க, தூரத்தில் ஒரு பொலிஸ்காரன். நாங்கள் பத்து நிமிடத்துக்கு முன் அந்தத் தெருவாலேதான் வந்தோம். தம்பி வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "சங்கக்கடைக் கியூ" என்றார். அதற்குமேல் எந்தக் கலை விமர்சனமும் எனக்குத் தேவைப்படவில்லை.

கடைசியாக மூங்க் அருங்காட்சியகம். மூங்க் 1940இல் தனது படைப்புகளை நகரத்துக்கு உயில் எழுதினார். 1963இல் கிழக்கு ஒஸ்லோவின் தோயன் பகுதியில் அவற்றுக்கு ஒரு கட்டடம் அமைந்தது. குடியேறிகள் நிறைந்த பகுதி அது. 2004இல் துப்பாக்கியோடு வந்தவர்கள் அங்கிருந்து இரண்டு படங்களைப் பகலிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். 2021இல் பியோர்விகா கடற்கரையில் 13 மாடிகளோடு புதிய கட்டடம் திறந்தது. பாதுகாப்பு வேண்டும் என்பது சரி. ஆயினும் ஏழைகளின் பகுதியிலிருந்து ஒரு நல்ல விடயம் எடுக்கப்பட்டு, வங்கிகளும் ஓப்பராவும் நிற்கும் கரைக்குப் போனது என்ற வாதத்தை நான் இலகுவில் தள்ளமாட்டேன்.

மூங்க் தொழிற்சாலையோடு சம்பந்தப்பட்டவர். 1922இல் பிரேயா சொக்லேற் தொழிற்சாலை தனது பெண் தொழிலாளரின் சாப்பாட்டு அறைக்கு அவரிடம் 12 படங்கள் வரைவித்தது. கடற்கரை, பழமரம், நடனம். வேலையை மறக்கச்செய்யும் படங்கள். ஏளனம் செய்யத் தோன்றவில்லை. எங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்குவது கை கழுவும் முறை பற்றிய அறிவித்தல்.

நான் தேடிவந்தது வேறொரு படம். 'வீடு திரும்பும் தொழிலாளர்', 1913-14இல் வரைந்தது. தெரு முழுவதும் தொழிலாளர், ஆழத்திலிருந்து எங்களை நோக்கி வருகிறார்கள். முன்னால் மூவர் ஏறக்குறைய எங்கள்மேல் மோதுமளவு பெரிதாக. நடுவில் வருபவனின் கண் எதையும் பார்க்கவில்லை. கால்கள் முழுதாக நிரப்பப்படாமல் தெரு அவற்றூடே தெரிகிறது. நடந்துகொண்டிருக்கும் காலின் அசைவு என்று விமர்சகர் சொல்வர். பத்து மணித்தியாலம் ஈரத் தரையில் நின்றவனுக்கு அது வேறு மாதிரியும் விளங்கும்: கால் தன்னுடையதாக இல்லாத நிலை. 'அலறல்' பற்றி ஒரு மணித்தியாலம் பேசிய நான், அந்நியமாதலை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இந்தப் படத்தைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

தம்பி சொன்னார்: "சேர், இதில ஒருத்தரும் மற்றவையோட கதைக்கேல்லை, பாத்தியளே? கோபத்தில இல்லை. ஏலாமல்."

இங்கேதான் விடயம் எங்கள் பக்கம் திரும்புகிறது. புகலிடத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறோம்! பனி, தொடருந்து நிலையம், ஊர்க் கிணறு, இயக்கங்கள் மீதான விமர்சனம், விமர்சனத்தின் மீதான விமர்சனம். எட்டு மணித்தியாலம் நின்று செய்யும் வேலையின் உள்பக்கம் அவற்றில் எவ்வளவு? வந்தாலும் அவமானமாக வரும்: 'படித்தவன் கோப்பை கழுவுகிறான்' என்ற ஒரு வரித் துயரமாக. கோப்பை கழுவுவது எப்படியான வேலை என்பது வராது. மீண்டும் கையை உயர்த்திய சிவப்புத் தொழிலாளியை எழுதச் சொல்கிறேன் என்று நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம். அவன் ரொல்ஃப்சனின் மரம் தறிப்பவனின் தம்பிதான். நான் கேட்பது அந்த நிரப்பப்படாத கால்களை.

மற்றவர்களைச் சொல்வானேன். இந்த இதழில் வந்த என் கட்டுரைகளின் கீழ் 'முன்னாள் விரிவுரையாளர்' என்று அச்சாகியிருக்கும். ஆசிரியர் குழு கேட்டபோது அப்படிப் போடச் சொன்னது நானே. விரிவுரை செய்தது ஒன்பது வருடங்கள். மீன் மேசையில் நின்றது அதைவிட அதிகம்.

மறுநாள் சாமத்திய வீட்டில் பெண்ணின் தகப்பன் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போய், இலண்டனிலிருந்து வந்திருந்த தன் உறவினருக்கு அறிமுகம் செய்தார்: "இவர் ஊரில கம்பஸில லெக்சரர்." அவர்கள் எழும்பி நின்று கும்பிட்டார்கள். பக்கத்தில் தம்பி சோற்றுக் கோப்பையோடு நின்று என்னைப் பார்த்தார். நானும் கும்பிட்டேன். திருத்தவில்லை.