பிழை பிடிக்கும் இடம்

ஆரக்கிளில் எழுதிய ஸ்டோர்டு புரொசீஜரைப் போஸ்ட்கிரஸுக்கு மாற்றியவரின் கைத்திறனை அறிய, நான் நேரே எக்செப்ஷன் பகுதிக்குத்தான் போவேன். பிகின், எக்செப்ஷன், வென் அதர்ஸ் என்று இரண்டிலும் அச்சில் வார்த்தது போல ஒரே சொற்கள். வரிக்கு வரி மாற்றினாலே ஓடிவிடும். ஓடிவிடுவதுதான் ஆபத்து.

ஒரு பிளாக்கில் மூன்று இன்சர்ட். மூன்றாவது, யுனிக் கீயில் மோதி விழுகிறது. எக்செப்ஷன் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆரக்கிளில் முதல் இரண்டு பதிவுகளும் அப்படியே நிற்கும், தோற்ற கட்டளை மட்டும் பின்வாங்கும். போஸ்ட்கிரஸிலோ எக்செப்ஷன் வைத்த பிளாக் ஒவ்வொன்றும் ஒரு துணை டிரான்சாக்ஷன். பிழையைப் பிடித்த கணத்தில் அந்த பிளாக் எழுதிய எல்லாம் அழிந்துவிடும். ஆனால் வேரியபிள்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. 'இரண்டு சேர்த்தேன்' என்று கவுன்டர் சொல்லும். டேபிளில் ஒன்றும் இருக்காது. இதை முதன்முதலில் பார்த்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தேர்ந்த கை இங்கே என்ன செய்யும்? விழக்கூடிய அந்த ஒரு இன்சர்ட்டைச் சுற்றி மட்டும் சின்னதாக ஒரு பிளாக் கட்டும். துணை டிரான்சாக்ஷனுக்குச் செலவு உண்டு என்பதால், கண்ட இடத்தில் கட்டாது. மோதலை ஒதுக்கினால் போதும் என்றால், 9.5 பதிப்பில் வந்த 'ஆன் கான்ஃப்ளிக்ட்' போதும், பிளாக்கே தேவையில்லை. எவ்வளவு அழகான சிக்கனம்!

அதைவிட நுட்பமானது, தேடியது கிடைக்காத இடம். செலக்ட் இன்டுவில் பதிவு இல்லையென்றால் ஆரக்கிள் 1403 என்று குரல் கொடுக்கும். போஸ்ட்கிரஸ் சத்தமில்லாமல் நல் வைத்துவிட்டு நகரும். பல பதிவுகள் வந்தாலும் முதலாவதை எடுத்துக்கொள்ளும். 'ஸ்ட்ரிக்ட்' என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தால் இரண்டுக்கும் பிழை எழும். எஸ்க்யூஎல் சர்வரில் செலக்ட் வழியாக மதிப்பு கொடுத்தால், பதிவு இல்லாதபோது வேரியபிளில் பழைய மதிப்பே தங்கிவிடும். லூப்புக்குள் இருந்தால், முந்தைய ஆளின் தொகை அடுத்த ஆளுக்குப் போகும்.

நான் மிகவும் ரசித்த மாற்றம் ஒரு சம்பளக் கணக்கில் இருந்தது. மூலத்தில் பிழைக்குறிப்பைத் தனி டிரான்சாக்ஷனில் எழுத ஆரக்கிளின் 'அட்டானமஸ்' பிராக்மா இருந்தது. போஸ்ட்கிரஸில் அதற்கு நேர் இணை கிடையாது. மாற்றியவர் டிபிலிங்க் வழியே வேறொரு கனெக்ஷன் திறந்து குறிப்பை எழுதிவிட்டு, பிழையை மறுபடி மேலே அனுப்பியிருந்தார். கணக்கு முழுவதும் ரோல்பேக் ஆன இரவிலும் லாக் டேபிளில் அந்த ஒரு வரி இருந்தது.